ஈரலுக்குள் பித்தநாளப் புற்று: ஆபரேஷனா, மருந்தா, எதை மதுரையிலேயே பார்க்கலாம்?

ஈரலில் கட்டி என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்த வீட்டில் இரண்டே நாளில் நாலு யோசனை கிளம்பிவிடும். உடனே ஆபரேஷன் பண்ணி எடுத்துவிடலாம் என்பார் பெரியப்பா. ஊசி குத்திச் சதை எடுத்தால் பரவிவிடும், தொடவே கூடாது என்பார் பக்கத்து வீட்டுக்காரர். சென்னைக்குப் போங்கள், வேலூருக்குப் போங்கள் என்று ஆளாளுக்குப் போனில் சொல்வார்கள். தம்பி தன் ஈரலில் பாதியைத் தருகிறேன் என்று வந்து நிற்பான். இதில் எதை எடுப்பது, எதை விடுவது என்று மதுரை, தேனி, விருதுநகர், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கேட்பவர்களுக்காக இந்த ஒப்பீடு.

ஈரலிலேயே பிறக்கும் புற்றுகளில் பெரும்பாலானவை ஈரல் செல்லிலிருந்து வருபவை. நூற்றுக்குப் பத்து, பதினைந்து மட்டும் ஈரலுக்குள் ஓடும் பித்தக் குழாயின் உள்சுவரிலிருந்து கிளம்பும். இதுதான் பித்தநாளப் புற்று. ரிப்போர்ட்டில் ‘இன்ட்ராஹெபாடிக் கொலாஞ்சியோகார்சினோமா’ என்று இருக்கும். அரிய நோய். ஆரம்பத்தில் வலியோ காமாலையோ பெரும்பாலும் இராது, வளர்ச்சி மட்டும் வேகமாக நடக்கும். கண்டுபிடிக்கும்போது வெட்டி எடுக்கத் தோதாக இருப்பவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நோயின் பெயரை உறுதிசெய்யும் சோதனைகளையும், மூன்று வாரத்துக்கு இரண்டு தடவை ஏறும் கீமோ சொட்டையும் மதுரையிலேயே வைத்துக்கொள்ளலாம். ‘வெட்ட முடியுமா, முடியாதா’ என்ற ஒரே கேள்விக்கு எவ்வளவு தூரமானாலும் போய்க் கேட்க வேண்டும். பல குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: வெட்ட முடியாது என்று ஒருவர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டு, கீமோவுக்கு வாராவாரம் சென்னைக்கு அலைகின்றன.

## எதை வைத்து எடைபோடுவது

கட்டி எத்தனை, பெரிய ரத்தக் குழாய்களை எந்த அளவு சுற்றியிருக்கிறது, ஈரல் வாசலில் நெறிக்கட்டு உண்டா, நுரையீரலுக்கோ வயிற்றுச் சவ்வுக்கோ போயிருக்கிறதா என்பது முதல் அளவுகோல்.

இரண்டாவது, வெட்டிய பிறகு மிஞ்சும் ஈரல். நல்ல ஈரல் என்றால் மொத்தத்தில் 20 முதல் 25 சதவீதம் மிஞ்சினால் போதும். கீமோ வாங்கிய ஈரலுக்கு 30, தழும்பேறிக் கெட்டிப்பட்ட சிரோசிஸ் ஈரலுக்கு 40 சதவீதம் வேண்டும். இந்தக் கணக்கை சி.டி. படத்தை வைத்துக் கம்ப்யூட்டரில் போடுவார்கள். போடவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, காமாலையில் ரத்தத்தில் ஏறும் மஞ்சள் நிறமியான பிலிரூபின். இயல்பு அளவின் மேல் வரம்பைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் கீமோ தொடங்க யோசிப்பார்கள். நான்காவது, நோயாளியின் நடமாட்டம். பகல் பொழுதில் பாதிக்கு மேல் படுத்தே கிடப்பவருக்குக் கீமோ நன்மையைவிடக் கெடுதலே அதிகம் செய்யும். கிட்னியும் காதும் எப்படி என்பது ஐந்தாவது, ஏனென்றால் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து இரண்டையும் தாக்கும். கடைசியாகத்தான் பணம், தூரம், கூட இருந்து பார்க்க ஆள்.

## சிகிச்சையைத் தேர்வதற்கு முன்: பெயர் சரிதானா?

இந்த நோயில் நடக்கும் பெரிய தவறுகள் எல்லாம் இந்தக் கட்டத்தில்தான் நடக்கின்றன.

சாதாரண அல்ட்ராசவுண்டில் ‘கட்டி’ என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. அடுத்து எடுக்க வேண்டியது மூன்று கட்ட சி.டி.: கான்ட்ராஸ்ட் மருந்து தமனியில் ஓடும்போது ஒன்று, சிரையில் ஓடும்போது ஒன்று, சில நிமிடம் கழித்து ஒன்று. ஈரல் செல் புற்று முதல் படத்தில் முழுக்கப் பளிச்சென்று தெரிந்து, பிறகு மங்கிவிடும். பித்தநாளப் புற்று முதலில் விளிம்பில் மட்டும் வளையமாகத் தெரிந்து, நேரம் ஆக ஆக உள்நோக்கி நிறம் ஏறும். கடைசிக் கட்டப் படத்தை எடுக்காமல் விட்டுவிட்டால் இந்த வித்தியாசமே கண்ணில் படாது. ஃபிலிம் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், கம்ப்யூட்டர் டிஸ்க்கில் பதிவும் வேண்டும். பெரிய மையத்தில் அளவெடுப்பது அதை வைத்துத்தான்.

ரத்தத்தில் ஏ.எஃப்.பி., சி.ஏ. 19-9, சி.ஈ.ஏ. என்ற புற்று அடையாளப் பொருள்கள் மூன்றும் பார்ப்பார்கள். ஏ.எஃப்.பி. 400-ஐத் தாண்டினால் ஈரல் செல் புற்றின் பக்கம் சாயும். சி.ஏ. 19-9 இயல்பில் 37-க்குள் இருக்கும், பித்தநாளப் புற்றில் ஏறும். ஆனால் பித்தம் அடைத்தாலே, சீழ் பிடித்தாலே அது ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். அடைப்பை நீக்கிப் பிலிரூபின் இறங்கியபின் எடுக்கும் அளவுதான் கணக்கு. இன்னொன்று, மக்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு ரத்த வகைக் காரணத்தால் இந்தப் பொருள் உடலில் உருவாகவே உருவாகாது. அவர்களுக்கு நார்மல் என்று வருவதில் அர்த்தமில்லை.

காமாலை இருந்தால் வரிசை மாறக் கூடாது: முதலில் சி.டி.யும் பித்தக் குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனும், அதன்பிறகுதான் அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாயான ஸ்டென்ட். ஸ்டென்ட் வைத்தபின் எடுத்த படத்தில் குழாய் சுருங்கி, சுற்றிலும் வீங்கி, கட்டி எதுவரை போயிருக்கிறது என்பது குழம்பிவிடும். காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வந்துவிட்டால் மட்டும் விதிவிலக்கு. அது பித்தக் குழாயில் சீழ், அன்றைக்கே வடிய விட்டாக வேண்டும்.

நம் பக்கத்தில் காமாலை என்றால் கீழாநெல்லி. சிறுநீர் கறுத்து, மலம் வெளுத்து, உடம்பு முழுக்க அரிப்பும் இருந்தால் அது அடைப்புக் காமாலை. அதை எந்த இலையும் திறக்காது. பத்தியம் இருந்து கழியும் மூன்று நாலு வாரத்தில் ஆபரேஷன் வாய்ப்பே போய்விடலாம்.

## சதை எடுப்பதா, வேண்டாமா?

‘பரவிவிடும்’ என்ற பயம் முழுப் பொய்யல்ல. ஈரல் கட்டியில் ஊசி போன தடத்தில் செல்கள் படிவது நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு நேரலாம். ஆகவே கேள்வி இப்படி இருக்க வேண்டும்: சதை ரிப்போர்ட் வந்து எதை மாற்றப்போகிறது?

படம் பித்தநாளப் புற்றுக்கே உரிய மாதிரி இருக்கிறது, ஒரே கட்டி, வெளியே பரவலில்லை, சர்ஜன் வெட்டலாம் என்கிறார் என்றால் பயாப்ஸி இல்லாமலே ஆபரேஷனுக்குப் போகலாம். கட்டி முழுதாக வெளியே வந்தபின் சோதித்துக்கொள்ளலாம். மாறாக, கீமோதான் முதல் சிகிச்சை என்றால் பயாப்ஸி கட்டாயம். சதை ரிப்போர்ட் இல்லாமல் கீமோ ஏற்றுகிறேன் என்பவரிடம் ஏற்றிக்கொள்ளாதீர்கள். சிரோசிஸ் உள்ள ஈரலில் வந்த பித்தநாளப் புற்றை ஈரல் செல் புற்று என்று எண்ணி அதற்குரிய மருந்தில் மாதங்களைத் தொலைப்பது நடக்கக்கூடியது. சி.டி. படத்தில் ரத்தக் குளங்கள் போலத் தெரிந்து, ரத்தநாளப் புற்றான ஆஞ்சியோசார்கோமா என்ற சந்தேகம் இருந்தால் கதை வேறு. அதில் வயிற்று வழியாக ஊசி போட்டால் கட்டுக்கடங்காமல் ரத்தம் போகலாம். கழுத்துச் சிரை வழியாக எடுக்க முடியுமா என்று முதலில் கேட்க வேண்டும்.

எடுப்பதென்றால் மெல்லிய ஊசியால் உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி. போதாது. சதையைத் துண்டாக எடுக்கும் 18 கேஜ் கோர் ஊசியில் மூன்று நாலு துண்டு வேண்டும். அதற்கு முன் ரத்தம் உறைவதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 1.5-க்குள், பிளேட்லெட் 50,000-க்கு மேல் இருக்க வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர் இதய டாக்டரிடம் கேட்டு நிறுத்த வேண்டும்.

ரிப்போர்ட்டில் ‘அடினோகார்சினோமா’ என்று மட்டும் வந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. குடல், வயிறு, கணையம், மார்பகத்திலிருந்து ஈரலுக்கு வந்த புற்றும் அப்படித்தான் தெரியும். சதையில் சாயமேற்றிப் பார்க்கும் புரதங்களில் சி.கே. 7, சி.கே. 19 பாசிட்டிவ், ஹெப்பார்-1, ஆர்ஜினேஸ்-1 நெகட்டிவ் என்றால் பித்தநாளப் பக்கம். சி.கே. 20, சி.டி.எக்ஸ். 2 பாசிட்டிவ் என்றால் பெருங்குடலைத் தேட வேண்டும். எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி இரண்டும் செய்து மற்ற இடங்களில் ஒன்றுமில்லை என்றான பின்தான் ஈரலிலேயே பிறந்தது என்ற முடிவுக்கு வரலாம்.

மிச்சச் சதை மெழுகு பிளாக்கில் இருக்கும். அதிலிருந்துதான் எஃப்.ஜி.எஃப்.ஆர். 2, ஐ.டி.ஹெச். 1, ஹெர்-2, பி.ராஃப் மாற்றங்களைத் தேடும் ஜீன் சோதனை. கையில் காசு குறைவென்றால் முதலில் செல்லின் டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் எம்.எம்.ஆர். புரதங்கள் நாலையும் சாயமேற்றிப் பார்க்கும் சோதனையைக் கேளுங்கள், செலவு மிகக் குறைவு. அதில் குறை தெரிந்தால், உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி நன்றாக வேலை செய்ய வாய்ப்புண்டு. பிளாக்கை ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அது மெழுகு, இளகினால் திரும்ப வெட்டுவது சிரமம்.

## வழிகள் ஒரு பார்வையில்

| | ஆபரேஷன் | கீமோ | ஈரலுக்குள் மட்டும் சிகிச்சை | வலி, அடைப்பு தணிப்பு மட்டும் |
|---|---|---|---|---|
| யாருக்கு | ஒரு பக்கக் கட்டி, பரவலில்லை, போதிய ஈரல் மிஞ்சும் | வெட்ட முடியாதவர், பரவியவர், நடமாட்டம் நன்று | நோய் ஈரலை விட்டு வெளியேறவில்லை, வெட்டவும் முடியவில்லை | பெரும்பாலும் படுக்கை, பிலிரூபின் இறங்கவில்லை |
| எதிர்பார்ப்பு | குணமாகும் வாய்ப்புள்ள ஒரே வழி. ஐந்தாண்டு தாண்டுபவர் நூற்றுக்கு 25–40 | மாதக் கணக்கில் ஆயுள், சிலருக்கு வருடக் கணக்கில் | கட்டி சுருங்கலாம், சிலர் ஆபரேஷனுக்குத் தயாராகலாம் | இருக்கும் நாள் வலியில்லாமல் |
| மறைந்த செலவு | ரத்தம், ஐ.சி.யூ., பித்தக் கசிவு, பின்னால் ஆறு மாத மாத்திரை | போய்வரும் செலவு, ஒவ்வொரு தடவையும் ரத்தச் சோதனை, துணைக்கு வருபவரின் சம்பள இழப்பு | இரண்டு ஆஞ்சியோகிராம், வெளியூர்த் தங்கல் | ஸ்டென்ட் மாற்றம், வீட்டில் ஆள் |
| எங்கே | ஈரல் ஆபரேஷன் நிறையச் செய்யும் இடம் | மதுரையிலேயே | பெரிய மையங்களில் மட்டும் | வீடு, அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரி |

## ஆபரேஷன்

கட்டியோடு ஈரலின் ஒரு பாகத்தையும், வாசலில் உள்ள நெறிகளையும் சேர்த்து எடுப்பார்கள். குறைந்தது ஆறு நெறிகளாவது சோதனைக்குப் போக வேண்டும் என்பது இன்றைய நியதி. வயிற்றைத் திறப்பதற்கு முன் லேப்ராஸ்கோப் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனில் தெரியாத சவ்வுப் பரவல் அதில் தெரிந்தால் பெரிய வெட்டு மிச்சம். ‘திறந்து பார்த்து மூடிவிட்டார்கள்’ என்ற நிலை வந்தால் கீமோ தொடங்கவே ஒரு மாதம் தள்ளிப்போகும்.

மிஞ்சும் ஈரல் போதவில்லை என்பது மட்டுமே தடை என்றால் கதவு மூடிவிடவில்லை. வெட்டப்போகும் பக்கத்துக்கு, குடலிலிருந்து ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையை அடைத்துவிட்டு நாலு முதல் ஆறு வாரம் காத்திருந்தால் மறுபக்கம் வளரும். இந்த வசதி இல்லாத இடத்தில் ‘முடியாது’ என்று சொல்லியிருந்தால், வசதி உள்ள இடத்தில் இன்னொரு தடவை கேட்பது அவசியம்.

எடுத்த பிறகும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்ப வருகிறது. அதனால் ஆபரேஷனுக்குப் பின் கேப்சிடாபின் என்ற கீமோ மாத்திரை: உடம்பின் மேல்பரப்பில் சதுர மீட்டருக்கு 1,250 மி.கி. வீதம் தினம் இரு வேளை, 14 நாள் சாப்பிட்டு 7 நாள் விடுப்பு, இப்படி எட்டுச் சுற்று. 1.6 சதுர மீட்டர் உடம்புக்கு ஒரு வேளைக்கு 500 மி.கி. மாத்திரை நாலு, சாப்பாடு முடிந்து அரை மணிக்குள். உள்ளங்கை, பாதம் சிவந்து உரியும். வயலுக்கும் கோயில் பிராகாரத்துக்கும் வெறுங்காலோடு போகும் பழக்கத்தை அந்த ஆறு மாதம் விட வேண்டும். முதல் சுற்றிலேயே கடும் பேதி, வாய்ப்புண் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். சிலருக்கு அந்த மருந்தை உடைக்கும் என்சைம் பிறவியிலேயே குறைவு.

ஈரல் மாற்று ஆபரேஷன் இந்த நோய்க்கு வழக்கமான சிகிச்சை அல்ல. சிரோசிஸ் ஈரலில் 2 செ.மீ.க்குள் இருக்கும் மிகச் சிறிய கட்டி போன்ற சில நிலைமைகளில் மட்டும், தேர்ந்தெடுத்த மையங்களில் யோசிக்கிறார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து மிச்சமிருக்கும் புற்றுக்குச் சாதகம். தம்பி கொடுக்கத் தயார் என்பதற்காக மட்டும் இதில் இறங்கக் கூடாது.

## கீமோ, இம்யூனோதெரபி

அடிப்படை மருந்துகள் ஜெம்சிடாபினும் சிஸ்பிளாட்டினும். சதுர மீட்டருக்கு 1,000 மி.கி.யும் 25 மி.கி.யும், முதல் நாளும் எட்டாம் நாளும், 21 நாளுக்கு ஒரு சுற்று, எட்டுச் சுற்று வரை. பிரிட்டனில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில் ஜெம்சிடாபின் மட்டும் வாங்கியவர்களில் பாதிப் பேர் 8.1 மாதத்தையும், இரண்டும் வாங்கியவர்களில் பாதிப் பேர் 11.7 மாதத்தையும் கடந்தார்கள். பாதிப் பேர் அதற்கு மேலும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எட்டுச் சுற்று என்றால் பதினாறு நடை. ஒவ்வொரு நடைக்கும் முந்தின நாள் ரத்தச் சோதனை. தொற்றை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் 1,000-க்குக் கீழே போனால் அன்றைக்கு ஊசி இல்லை, திரும்பிப் போக வேண்டியதுதான். மதுரையிலிருந்து சென்னை போய் அப்படித் திரும்புவதை யோசித்துப் பாருங்கள். இந்த இரண்டு மருந்தும் எங்கே ஏற்றினாலும் அதே மருந்துதான். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்பதை வெளியூர் டாக்டர் எழுதிக்கொடுக்க, இங்கே ஏற்றிக்கொள்ளலாம்.

சிஸ்பிளாட்டினோடு உப்புத் தண்ணீர் பாட்டில், கூடவே பொட்டாசியம், மக்னீசியம் சேர்த்து ஏற்றுவார்கள். அவசரத்தில் அதைக் குறைத்தால் கிட்னிக்கு அடி. வீட்டில் இரண்டு மூன்று நாளைக்குத் தினம் இரண்டரை லிட்டராவது குடிக்க வேண்டும், கோடையில் இன்னும் கூடுதலாக. வாந்தியில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் வீட்டிலேயே சமாளிக்காமல் சொட்டு ஏற்றிக்கொள்ளப் போங்கள். கிட்னி ஏற்கெனவே பலவீனம் என்றால் சிஸ்பிளாட்டினுக்குப் பதில் வேறு பிளாட்டினம் மருந்து கேளுங்கள். காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுப் படுக்காமல் ராத்திரியே ஆஸ்பத்திரி.

டர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தையும் சேர்ப்பதா என்பதுதான் இன்று குடும்பங்களை உலுக்கும் கேள்வி. மூன்று வாரத்துக்கு 1,500 மி.கி., அதாவது 500 மி.கி. குப்பி மூன்று. 2024-ல் மத்திய அரசு இதற்குச் சுங்க வரியை நீக்கியது, ஆனாலும் லட்சங்களில்தான் பேச்சு. 2022-ல் வெளியான ஆய்வில் பாதிப் பேர் கடந்த காலம் 11.5 மாதத்திலிருந்து 12.8 ஆனது, அவ்வளவுதான். ஆனால் இரண்டு ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபத்தைந்து ஆனார்கள். சிலருக்கு நிறைய, பலருக்குக் கொஞ்சம். இன்சூரன்ஸ் கொடுக்கிறது என்றால் சேருங்கள். நிலத்தை விற்றுத்தான் முடியும் என்றால், எம்.எம்.ஆர். குறை இல்லாத நோயாளிக்கு ஜெம்சிடாபின்-சிஸ்பிளாட்டினோடு நிற்பதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை என்பது எங்கள் எண்ணம்.

மூன்று, நாலு சுற்று முடிந்து மறு ஸ்கேன் எடுத்தபின் படங்களைத் திரும்பவும் ஈரல் சர்ஜனிடம் காட்ட மறக்காதீர்கள். முதலில் வெட்ட முடியாதது சுருங்கி வெட்டும் நிலைக்கு வருவதுண்டு.

## ஈரலுக்குள் மட்டும் சிகிச்சை

தமனி வழியாகக் கதிரியக்க யிட்ரியம்-90 மணிகளை அனுப்புவது, கீமோவை நேரே கட்டிக்குள் செலுத்துவது, குறிவைத்த கதிர்வீச்சு ஆகியவை இதில் அடங்கும். யிட்ரியத்துக்கு முன் ஒத்திகை ஆஞ்சியோகிராம் ஒன்று உண்டு, மணிகள் நுரையீரலுக்குக் கசியுமா என்று பார்க்க. பிலிரூபின் 2-ஐத் தாண்டினால் பொதுவாகச் செய்ய மாட்டார்கள். 3 செ.மீ.க்குள் உள்ள கட்டி, ஆபரேஷன் தாங்காத உடம்பு என்றால் ஊசியால் சுட்டுவிடும் அப்லேஷனும் உண்டு. கீமோவுக்குத் துணையாக இவை சரி. நோய் வெளியே பரவிய பிறகு இவற்றுக்குப் பெரும் பணம் கட்டுவது வீண்.

## தணிப்பு மட்டும்

பிளாஸ்டிக் ஸ்டென்ட் மூன்று மாத வாக்கில் அடைக்கும். உலோக ஸ்டென்ட் விலை கூடுதல், நாள் அதிகம் தாங்கும். தோல் வழியாக ஈரலுக்குள் விட்டுப் பித்தத்தை வடித்து, வெளியே பை தொங்கும் பி.டி.பி.டி. குழாய் என்றால் ஒரு நாள் வடியும் அளவைக் குறித்து வையுங்கள். திடீரெனக் குறைந்து காய்ச்சலும் வந்தால் அடைத்துவிட்டது. மார்ஃபின் என்றதும் பயப்பட வேண்டாம், மலமிளக்கியோடு சேர்த்துக் கொடுத்தால் வலிக்கு அதுதான் மருந்து. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தணிப்புச் சிகிச்சை பார்ப்பதும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள்.

## எந்த ஊர்?

மூன்று கட்ட சி.டி., எம்.ஆர்.சி.பி., கோர் பயாப்ஸி, எண்டோஸ்கோப் வழியாக ஸ்டென்ட் வைக்கும் ஈ.ஆர்.சி.பி., கீமோ எல்லாம் மதுரையில் ஆகும். அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவு பாலரெங்காபுரத்தில் இருக்கிறது. ஈரல் ஆபரேஷன் செய்பவர்களும் இங்கே உண்டு. ஆனால் ஊரைப் பார்த்து முடிவெடுக்காமல் மூன்று கேள்வி கேளுங்கள். பெரிய ஈரல் வெட்டு வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? போர்ட்டல் சிரை அடைப்பு இங்கேயே செய்வீர்களா? ராத்திரி ரத்தக் கசிவோ பித்தக் கசிவோ வந்தால் குழாய் விட்டுச் சரிசெய்யும் ரேடியாலஜிஸ்ட் கட்டடத்துக்குள் இருப்பாரா? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் மதுரையிலேயே இருங்கள். இல்லையென்றால் சென்னை ஸ்டான்லி, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடத்தில் ஒரு கருத்து கேட்டு வாருங்கள். அங்கே ஆபரேஷன், இங்கே மாத்திரையும் தொடர் பரிசோதனையும் என்ற ஏற்பாடு நன்றாகவே நடக்கும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம். குடும்பம் முழுவதுக்கும் சேர்த்துத்தான் இந்தத் தொகை. ஆகவே ஆபரேஷனுக்கு எவ்வளவு கழியும், பின்னால் கேப்சிடாபினுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று ஆஸ்பத்திரிக் காப்பீட்டு மேசையில் அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸ் மையத்துக்குப் போக வேண்டும். நோய் உறுதியான அன்றே ஒருவர் அந்த வேலையில் இறங்கட்டும்.

சிகிச்சைக்கு ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணமே கிடையாது, துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. அதற்கான படிவத்தில் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அதை முதல் முறை அங்கே போகும்போதே வாங்கிவிட்டால் பாண்டியன் எக்ஸ்பிரஸில் அடுத்த பயணத்துக்குக் கவுன்ட்டரில் காட்டலாம்.